மத்ததுக்குப் பதிலா ஆலிவ் ஆயில்

என்னால் ஒரு இடத்தில் சும்மா உட்கார முடியாது. கல்யாணமான புதிதில் என் மாமியார், "இவ கால்ல சக்கரத்தக் கட்டிக்கிட்டு வந்திருக்கா" என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அப்படிப்பட்டவளைப் பிடித்து மல்லாக்கப் படுக்கப் போட்டு, கையை ஆட்டாதே, காலை மடக்காதே என்றால் எப்படி இருக்கும்? அதைத்தான் எழுதுகிறேன். இப்போதும் டாக்டர் ஓய்வு என்றுதான் சொல்லியிருக்கிறார். எழுதினால் கை மட்டும்தானே அசைகிறது, அதை யாரும் குற்றம் சொல்ல முடியாது. எனக்கு நடந்தது இன்னொரு வீட்டில் நடந்துவிடக் கூடாது என்கிற எண்ணமும் இருக்கிறது.

ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் பேண்டேஜ் துணி தயாரிக்கும் கம்பெனியில் நான் சூப்பர்வைசர். ஆஸ்பத்திரிகளில் புண்ணுக்குக் கட்டுகிறார்களே, அந்தத் துணியை வெட்டி, சுருட்டி, பாக்கெட் போட்டு அனுப்புவோம். அன்றைக்கு லோடு ஏற்ற வேண்டிய நாள். காலையிலிருந்தே தாடை வலித்தது. கடவாய்ப் பல்தான் வேலையைக் காட்டுகிறது என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் வலி தோள்பட்டைக்கு இறங்கி முதுகில் போய் உட்கார்ந்துகொண்டது. வயிற்றைப் பிரட்டியது. உள்ளாடை நனையும் அளவுக்கு வியர்த்தது. வாய்வுப் பிடிப்பு என்று கூட வேலை பார்க்கிற பிள்ளைகள் மோரில் பெருங்காயம் கரைத்துக் கொடுத்தார்கள். குடித்துவிட்டு மறுபடியும் லாரிப் பக்கம் போனேன். அங்கே போய்த்தான் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது.

மாரடைப்பு என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய வேண்டும் என்றுதான் அதுவரைக்கும் நினைத்திருந்தேன். பெண்களுக்குப் பல நேரம் தாடை வலி, முதுகு வலி, குமட்டல், காரணமில்லாத அசதி என்று வேஷம் மாற்றிக்கொண்டு வருமாம். வாய்வு, வாய்வு என்று சொல்லியே பாதிப் பேர் வீட்டில் படுத்துவிடுகிறோம்.

ராஜபாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இ.சி.ஜி. எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். இதயத் தசை அடிபட்டால் அதிலிருந்து ஒரு புரதம் ரத்தத்தில் கசியுமாம், அது இருக்கிறதா என்று பார்க்கிற சோதனை அது. இருந்தது. அப்புறம் ஆஞ்சியோ. மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயை இதயம் வரைக்கும் விட்டு, மருந்து செலுத்தி, எந்த இடத்தில் அடைப்பு என்று படம் பிடிக்கிறார்கள். எனக்கு ஒரு ரத்தக்குழாயில் பெரிய அடைப்பு. அதை விரித்து, ஸ்டென்ட் வைத்தார்கள். ஸ்டென்ட் என்றால் பேனாவுக்குள் இருக்கிற ஸ்பிரிங் மாதிரி ஒரு சின்ன வலைக்குழாய். ரத்தக்குழாய் மறுபடி சுருங்காமல் உள்ளேயே நின்று தாங்கிக்கொள்ளும்.

இதெல்லாம் இப்போது எழுத சுலபமாக இருக்கிறது. அன்றைக்கு எனக்குப் பயம் என்றால் அப்படிப் பயம். செத்துவிடுவேன் என்பதைவிட, கண்ணைத் திறந்துகொண்டே அசையாமல் கிடக்க வேண்டியிருக்கிறதே என்றுதான் பதறினேன். ஐ.சி.யூ.வில் ஜன்னல் கிடையாது. பகலா ராத்திரியா தெரியாது. ஒரு மிஷின் கத்திக்கொண்டே இருக்கும். நான் கொஞ்சம் புரண்டால் இன்னும் கத்தும். நர்ஸ் ஓடி வருவாள்.

"அம்மா, கையை மடக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது?"

"நான் மடக்கலம்மா. அதுவா மடங்குது."

மணிக்கட்டில் போட்டிருந்த கட்டு எங்கள் கம்பெனிச் சரக்கா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். இல்லை. இழை நெருக்கம் பத்தாது. அதை அந்தப் பிள்ளையிடம் சொன்னேன். "உங்களுக்கு நெஞ்சு வலியா, துணி வியாபாரமா?" என்று கேட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தால் நெஞ்சு வலிக்குமோ என்று பாதியிலேயே நிறுத்திக்கொண்டேன்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. என் வீட்டுக்காரர் மில்லில் ஃபிட்டர். வெளியே நாற்காலியில் அவர் ஒரே ஆளாக உட்கார்ந்திருந்தார். பில்லைப் பற்றி நான் கேட்டபோதெல்லாம், "காப்பீட்டு அட்டை இருக்குல்லா, நீ சும்மா படு" என்பார். அட்டை எல்லாவற்றுக்கும் செல்லாது என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதினி வந்து சேர்ந்தார். என் வீட்டுக்காரரின் அக்கா. தாயில்லாத குறை தெரியாமல் தம்பியை வளர்த்தவர் என்று சொல்ல முடியாது, என் மாமியார் நன்றாகவே இருந்தார். ஆனாலும் தம்பியைத் தூக்கிச் சுமந்தது மதினியின் இடுப்புதான். கணவர் போன பிறகு தனியாக இருக்கிறார். மகள் ஓசூரில். என்னைப் பார்த்ததும் அழுவார் என்று நினைத்தேன். தலைமாட்டில் துளசியை வைத்துவிட்டு அதட்டத்தான் செய்தார்.

"ஏட்டி சாந்தி, எம்புட்டு நாளாச் சொல்லுதேன், ஓடாத ஓடாதன்னு. பொரட்டாசிச் சனிக்கெழம திருவண்ணாமலை ஏறுதேன்னு வேண்டியிருக்கேன், இந்த முட்டிய வச்சிக்கிட்டு. ஒழுங்கா எந்திச்சிரு."

எங்கள் பக்கத்தில் திருவண்ணாமலை என்றால் ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டிய மலைமேல் இருக்கிற பெருமாள் கோயில். மதினிக்குப் படியேற முடியாது. மாடிப்படிக்கே அரை நாள் யோசிப்பவர். அவர் மலையேற வேண்டிக்கொண்டார் என்றதும்தான் என் உடம்பு எவ்வளவு மோசம் என்று எனக்கு உறைத்தது.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று நடந்ததை நான் பலமுறை நினைத்துப் பார்த்துவிட்டேன். டாக்டர் அவசரமாக வந்தார். மதினி கட்டில் ஓரத்தில், மாத்திரைக் கவரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். காத்திருக்கும் இடத்தில் போனைப் பார்த்துப் பார்த்து என் வீட்டுக்காரர் பாதி வைத்தியர் ஆகியிருந்தார். அவர் கேட்டார்:

"சார், ஆலிவ் ஆயில் நல்லதுன்னு சொல்லுதாகளே, குடுக்கலாமா?"

"நல்லதுதான். மத்ததுக்குப் பதிலா சேத்துக்கிடலாம்."

அவ்வளவுதான். அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். மற்ற எண்ணெய்க்குப் பதிலாக என்று நான் எடுத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். மதினி எப்படி எடுத்துக்கொண்டார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை.

மருந்துக் கவுன்ட்டரில் நர்ஸ் என் வீட்டுக்காரரிடம் ஒவ்வொரு மாத்திரையையும் விளக்கியிருக்கிறாள். காரில் வரும்போது அவர் அதை மதினிக்கு ஒப்பித்தார். "இந்த ரெண்டு சின்ன மாத்திர இருக்குல்லா, இது ரத்தத்த நீர்க்க வைக்கிறதாம்க்கா." மதினி "ம்" என்றார்.

என் வீட்டுக்காரருக்கு மில்லில் ஷிப்ட். பகலில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. அதனால் நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் மதினி வீட்டில் இருப்பது என்று ஏற்பாடு. முதல் வேலையாக என் வீட்டுக்காரர் மெடிக்கலில் போய் ஆலிவ் ஆயில் கேட்டு வாங்கி வந்தார். கைக்குள் அடங்குகிற பாட்டில். மதினி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"ஏலே, மேலுக்குத் தேய்க்கத்தான்னு போட்டிருக்கு. பச்சப் பிள்ளைக்குத் தேய்க்கிற எண்ணெய வாங்கிட்டு வந்திருக்கியே. இவள குளிப்பாட்டி தொட்டில்ல போடவா?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சாப்பிடுகிற எண்ணெய் வேறு என்பது பஜாரில் ஒரு பாய் கடையில்தான் தெரிந்தது. "ஜைத்தூன் எண்ணெய்தான? நாங்க வீட்லயே புழங்குவோம்" என்று சொல்லி, கரும்பச்சைக் கண்ணாடி பாட்டிலாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தாராம். வெளிச்சம் பட்டால் எண்ணெய் கெட்டுவிடும், அதற்குத்தான் அந்த நிறம், அடுப்புப் பக்கம் வைக்காதீர்கள் என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார். இவ்வளவு கவனமாகத்தான் எல்லாம் நடந்தது. யாரும் ஏனோதானோ என்று இருக்கவில்லை.

மதினி தினமும் விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு கரண்டி எண்ணெயைக் கொடுப்பார், விளக்கெண்ணெய் கொடுக்கிற மாதிரி மூக்கைப் பிடிக்காத குறையாக. பச்சை இலையைக் கசக்கின வாடை. உள்ளே போகும்போது தொண்டையில் மிளகு மாதிரி காந்தும். இருமுவேன்.

"காந்துதா? அப்போ வேல செய்யுதுன்னு அர்த்தம். அடைப்பப் பூரா அறுத்துக்கிட்டுப் போகும்."

நல்ல ஆலிவ் எண்ணெய் தொண்டையில் அப்படித்தான் காந்துமாம், அது எண்ணெயின் குணம். அடைப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அது பிறகு தெரிந்தது. மதியத்துக்குப் பருப்பு, அதன் மேலே பழையபடி நெய். ஆலிவ் எண்ணெய் தனி, நெய் தனி. எதற்கும் எதுவும் பதிலாகப் போகவில்லை, கூடத்தான் சேர்ந்தது.

மாத்திரைகளை ஒரு வெள்ளிக் கிண்ணத்தில் போட்டு நீட்டுவார். எனக்கு மாத்திரையைப் பார்த்தாலே எரிச்சல். பார்க்காமல் வாயில் கொட்டி, தண்ணீரைக் குடித்துவிட்டு, நடையில் குறுக்கும் நெடுக்கும் நடக்கப் போய்விடுவேன். "உக்காருட்டி, வீடு தேஞ்சிரப் போவுது" என்பார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது கையெல்லாம் நீலம் பாரித்திருந்தது. லேசாக இடித்தாலே கன்றும். மதினி அதைத் தடவித் தடவிப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். போகப் போக அந்த நீலம் மறைந்தது. எண்ணெயின் மகிமை என்று மதினி சொன்னார். நானும் போனில் என் வீட்டுக்காரரிடம் அதையே சொன்னேன்.

ஒரு நாள் காலையில் தலை பின்னிக்கொண்டிருந்தபோது மறுபடியும் தாடை வலித்தது. இந்த முறை பல் என்று நான் நினைக்கவில்லை. சீப்பு கையிலிருந்து விழுந்தது. "மதினி" என்று கூப்பிட்டேன், சத்தம் வரவில்லை. ஆனாலும் அவருக்குக் கேட்டது. அந்த முட்டியோடு தெருவில் இறங்கி ஓடி ஆள் கூட்டினார் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். ஆம்புலன்சில் என் கையை விடவே இல்லை. ராஜபாளையம் வரும்வரைக்கும் அவர் உதடு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டர். இ.சி.ஜி. தாளைப் பார்த்தவர் முகம் மாறியது.

"மாத்திரையெல்லாம் ஒழுங்காப் போட்டீங்களா?"

"ஒரு வேளை தவறல சார்" என்றேன். சத்தியம் வேண்டுமானாலும் செய்திருப்பேன்.

"ரத்தம் உறையாம இருக்கக் குடுத்த ரெண்டு மாத்திரை? அத நிறுத்தலையே?"

"இல்ல சார்."

என் வீட்டுக்காரர் அதற்குள் வந்து சேர்ந்திருந்தார். "எங்கக்கா கையால எடுத்துக் குடுக்காக சார், தவற வாய்ப்பே இல்ல" என்றார். மதினி என் கையை விட்டார். ஆம்புலன்சில் ஏறியதிலிருந்து விடாத கையை அப்போதுதான் விட்டார்.

"அந்த ரெண்டயும் நான் குடுக்கல" என்றார்.

டாக்டர் கேட்டார், "எத்தன நாளா?"

"வீட்டுக்கு வந்ததுலேருந்து. நீங்கதான சொன்னிய, மத்ததுக்குப் பதிலா எண்ணெயக் குடுக்கலாம்னு. ரத்தத்த நீர்க்க வைக்கிற மாத்திரன்னு இவன் சொன்னான். அவ ஏற்கெனவே வெளிறிப் போய்க் கெடந்தா. கையெல்லாம் நீலம். இதுக்கு மேல ரத்தம் தண்ணியாப் போச்சுன்னா என்ன ஆவா? அதான் நிறுத்திட்டு எண்ணெயக் குடுத்தேன்."

ரத்தம் தண்ணியாப் போச்சு என்று எங்கள் ஊரில் சொன்னால், சத்தெல்லாம் போய்விட்டது, ஆள் தேற மாட்டாள் என்று அர்த்தம். நீர்க்க வைக்கிற மாத்திரை என்று ஒரு ஆஸ்பத்திரியில் சொல்லி, அதை வாங்கி வாயில் போடச் சொன்னால் வேறு எப்படிப் புரிந்துகொள்வது? இதை இப்போது யோசிக்கிறேன். அப்போது எனக்கு மதினியை அறைய வேண்டும் போல இருந்தது. கையைத் தூக்கத் தெம்பு இல்லை.

உள்ளே கொண்டுபோனார்கள். வைத்த ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து அடைத்திருந்தது. புதிதாக உள்ளே வைத்த கம்பியைப் பார்த்தால் ரத்தம் அதன்மேல் படிந்து உறையப் பார்க்குமாம். உடம்பு அதைத் தன்னுடையதாக ஏற்றுக்கொள்ளும் வரைக்கும் உறையவிடாமல் காவல் காப்பதுதான் அந்த இரண்டு சின்ன மாத்திரைகளின் வேலை. டாக்டர் சொல்லாமல் ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. கை கன்றுவது, பல் தேய்த்தால் லேசாக ரத்தம் கசிவது எல்லாம் அதோடு வரலாம்; அதிகமானால் டாக்டரிடம் போக வேண்டும், நாமாக நிறுத்தக் கூடாது. கட்டியை உறிஞ்சி எடுத்து, குழாயை மறுபடி விரித்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொல்ல ஆரம்பித்தார். வேண்டாம் சார் என்று சொல்லிவிட்டேன்.

மறுபடி ஜன்னல் இல்லாத அறை, மறுபடி அந்த மிஷின். இந்த முறை நான் புரளவே இல்லை. உடம்பு சும்மா கிடந்தது, மனசுதான் கிடந்து அடித்துக்கொண்டது. நம்பி வாயைத் திறந்தேனே, நம்பி வாயைத் திறந்தேனே என்று அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வார்டுக்கு மாற்றிய பிறகு டாக்டர் உட்கார்ந்து பேசினார். அவருக்கும் மனசு சரியில்லை என்று தெரிந்தது. "நான் இன்னும் ரெண்டு வார்த்த சேத்துச் சொல்லியிருக்கணும்" என்றார். ஆலிவ் எண்ணெய் நல்லதுதான். நெய், வனஸ்பதி, பாமாயில் இவற்றில் குளிருக்கு உறைகிற கொழுப்பு அதிகம். அவற்றைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் ஆலிவ் எண்ணெயைச் சேர்த்தால் ரத்தத்தில் கெட்ட கொழுப்பு குறையும், குழாய்களுக்கு நல்லது. அந்த இடத்தில் என்பதுதான் முக்கியம். நெய்யும் ஊற்றி அதையும் குடித்தால் எடைதான் ஏறும். அதுவும் எண்ணெய்தானே. சாலட், சுண்டல், லேசான வதக்கல் இதற்கெல்லாம் ஊற்றலாம். வாங்க முடியாதவர்கள் ஏங்க வேண்டாம், நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் அளவாக இருந்தால் மோசமில்லை, சுட்ட எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சுடாமல் இருந்தால் போதும்.

"ஆனா அது சாப்பாடும்மா. மருந்து இல்ல. ஏற்கெனவே அடைச்சத அது கரைக்காது. மாத்திரை செய்ற வேலைய அது செய்யாது."

டாக்டர் போன பிறகு மதினி எங்கே என்று கேட்டேன். என் வீட்டுக்காரர் சொன்னார், "உன் மூஞ்சில முழிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன். இனிமே நீ அந்த வீட்டுப் பக்கம் போக வேண்டாம். ஒரு ஆளப் போட்டுக்கிடுவோம்." அக்கா என்றால் உயிரை விடுகிற மனுஷன். மதினி ஊருக்குப் போகவில்லை, கீழே ஓ.பி. சீட்டு கொடுக்கிற இடத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார் என்று நர்ஸ்தான் சொன்னாள்.

"கூப்பிடுங்க" என்றேன். மன்னிப்பதற்காகக் கூப்பிடவில்லை. நேருக்கு நேராகத் திட்ட வேண்டும், அதற்குத்தான்.

வந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். முகம் சிவந்து உப்பியிருந்தது. அழுததால் என்று நினைத்தேன். நான் திட்டினேன். என்னென்ன சொன்னேன் என்று எழுத மாட்டேன். செத்துப் போயிருப்பேனே மதினி, உங்க கையால செத்துப் போயிருப்பேனே என்றது மட்டும் நினைவிருக்கிறது. எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டுக்கொண்டார்.

"தெரியாதத எதுக்கு அடுத்தவ உடம்புல செஞ்சு பாக்கிய?" என்றேன் கடைசியில்.

"ஒன் ஒடம்புல மட்டும் செஞ்சு பாப்பனாட்டி? தெனமும் ஒனக்குக் குடுக்கதுக்கு முந்தி நான் குடிச்சுப் பாத்தேன். என் பிரஷர் மாத்திரைய நிறுத்திட்டு, அதே ஒரு கரண்டி. எனக்கு ஒண்ணும் செய்யல. அதான் ஒனக்கும் குடுத்தேன்."

மதினிக்குப் பல வருஷமாக ரத்த அழுத்தம் உண்டு. அதற்குத் தினமும் மாத்திரை. அது எங்கள் யாருக்கும் நினைவிலேயே இல்லை.

"இன்னமுமா மாத்திர போடல?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"இல்லடா. எண்ணெயும்தான் மூணு நாளா குடிக்கல. இங்க எங்க குடிக்க?"

நர்ஸ் மதினியை ஸ்டூலில் உட்காரவைத்து, கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள். அளவைப் பார்த்தாள். நம்பாமல் இன்னொரு கையில் சுற்றிப் பார்த்தாள். டாக்டரைக் கூப்பிட ஓடினாள். தலை சுற்றுகிறதா, பார்வை மங்குகிறதா என்று டாக்டர் கேட்கக் கேட்க, "கொஞ்ச நாளாவே கிர்ருன்னுதான் இருக்கு. இவளுக்குச் செய்யணும்லா, அதப் பாத்தா முடியுமா?" என்று மதினி சொன்னார். தலைக்குள் ரத்தக்குழாய் வெடிக்கிற அளவுக்கு அழுத்தம் இருந்தது. மூஞ்சியில் முழிக்காதே என்று சொன்ன மனுஷன் தரையில் உட்கார்ந்து, அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். மதினியை அதே வார்டில் எனக்கு எதிர்க்கட்டிலில் சேர்த்தார்கள்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று எங்கே போவது என்ற பேச்சு வந்தது. "ஸ்ரீவில்லிபுத்தூருக்கே போவோம்" என்றேன். என் வீட்டுக்காரர் என்னை முறைத்தார். எனக்குக் கோபம் போய்விட்டது என்று சொன்னால் பொய். இப்போதும் சில சமயம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே பொங்கிக்கொண்டு வருகிறது. ஆனால் மதினியை அங்கே தனியாக விட்டுவிட்டு ராஜபாளையத்தில் என்னால் இருக்க முடியாது.

"அவியளுக்கு மாத்திரைய யாரு குடுப்பா? நான்தான் குடுக்கணும்" என்றேன்.

எதிர்க்கட்டிலிலிருந்து மதினி கேட்டார், "நீ குடுக்கத நான் என்னன்னு நம்பி முழுங்கட்டும்?"

"நான் நம்பித்தான மதினி முழுங்குனேன்."

மதினி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டே, கையை மட்டும் என் பக்கம் நீட்டினார்.